வலி மாத்திரையை நிறுத்தும்போது வீட்டில் செய்யும் தவறுகள்

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 19-ஆம் நாள் இரவு. அவருக்கு விடாமல் கொட்டாவி வந்தது, மூக்கில் நீர் வடிந்தது. கையில் மயிர்க்கூச்செறிந்து நின்றது. தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை. வயிறு இரண்டு முறை போயிற்று. படுத்தால் கால்கள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. சளி பிடித்துவிட்டது என்று அப்பா சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். விடிந்த பிறகுதான் அம்மா வாயைத் திறந்தார். முந்தின நாள் காலையோடு வலி மாத்திரையை நிறுத்திவிட்டாராம். "பழகிப்போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். வலியும்தான் குறைந்துவிட்டதே."

அவர் சாப்பிட்டுவந்தது டிராமடால். மார்பின் (morphine) என்ற கடும் வலி மருந்து இருக்கிற ஓபியாய்டு குடும்பத்தைச் சேர்ந்த மருந்து, ஆனால் வீரியம் குறைந்தது. இரண்டு மூன்று வாரம் தினமும் உள்ளே போனால் உடம்பு அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். திடீரென்று விட்டால் கொட்டாவி, வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, காரணமில்லாத பதற்றம் எல்லாம் வரிசையாக வரும். பெரும்பாலும் முதல் சில நாள் கடுமையாக இருந்து, ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். இதற்கும் போதைக்கு அடிமையாவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அடிமையானவர் கெடுதல் என்று தெரிந்தும் மருந்தைத் தேடி அலைவார். அம்மா மாத்திரையைக் கண்டாலே முகம் சுளிப்பவர். நம் வீடுகளில் மாத்திரை ஆசையைவிட மாத்திரை பயம்தான் அதிகத் தொல்லை தருகிறது என்பது என் எண்ணம்.

மருந்துச் சீட்டில் 1-0-1 என்று இருந்தது. எப்படிச் சாப்பிட வேண்டும் என்பது அதில் இருந்தது. எப்படி விட வேண்டும் என்பது இல்லை. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே அதைக் கேட்காதது எங்கள் தவறு.

அடுத்த தவறு என்னுடையது. ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்றால் பாதியாக்கலாமே என்று கத்தியை எடுத்துவிட்டேன். அம்மாவின் மாத்திரை 100 மில்லிகிராம் எஸ்.ஆர். வகை. மருந்தை மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடும்படி செய்யப்பட்டது. அதை உடைத்தால், நொறுக்கினால், மென்றால், மெல்ல இறங்க வேண்டிய மருந்து சட்டென்று மொத்தமாக இறங்கிவிடும். அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.ஆர்., இ.ஆர். என்ற எழுத்துகள் இருந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும். மருத்துவரை போனில் பிடித்தோம். இரவு மாத்திரை அப்படியே இருக்கட்டும், காலையில் மட்டும் 50 மில்லிகிராம் சாதாரண மாத்திரை என்றார். சில நாள் கழித்துக் காலை வேளை நின்றது. பிறகு இரவு 50 ஆயிற்று. பிறகு அதுவும் நின்றது. மொத்தம் பன்னிரண்டு நாள். இது அம்மாவுக்குப் போட்ட கணக்கு. அறுவைக்கு முன்பிருந்தே மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு வாரங்களும் மாதங்களும் ஆகலாம். வலிப்பு நோயோ மனச்சோர்வு மாத்திரையோ இருப்பவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

குறைக்கும்போது எந்த வேளையில் கை வைப்பது என்பதும் முக்கியம். பிசியோதெரபிக்கு முந்தைய வேளையை முதலில் வெட்டினால், வலிக்குப் பயந்து முட்டியை மடக்க மாட்டார்கள், மூட்டு இறுகிப்போகும். ஓய்வாக இருக்கும் வேளையை முதலில் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அட்டையில் எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணாமல் விடுவது இன்னொன்று. 2018 முதல் டிராமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை பழைய சீட்டை நீட்டினால் மருந்துக் கடையில் தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஆக, யாரும் நினைக்காமலே மாத்திரை ஒரே நாளில் நின்றுவிடும்.

டிராமடாலைக் குறைக்கும்போது அந்த இடத்தைப் பாராசிட்டமால் தாங்கும். ஆனால் அது எத்தனை மாத்திரைகளுக்குள் ஒளிந்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. டிராமடாலும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை மூன்று வேளை என்றால் பாராசிட்டமால் மட்டும் 975 மில்லிகிராம். அசிக்ளோஃபினாக் என்ற இன்னொரு வலி மருந்தோடு பாராசிட்டமால் கலந்தது இரண்டு வேளை, 650. இதோடு "வெறும் காய்ச்சல் மாத்திரைதானே" என்று 650-ஐ நான்கு முறை போட்டால் 2,600. கூட்டினால் 4,225. ஆரோக்கியமான நடுவயதுக்காரர்களுக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4,000 மில்லிகிராம்தான். வயதானவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. அசிக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக் வகைகளைச் சொந்தமாக வாங்கிச் சேர்த்தால் வயிற்றுப்புண், சிறுநீரகம் என்று வேறு கணக்கு தொடங்கிவிடும்.

"நரம்பு மாத்திரை" என்று ஒன்று கொடுத்திருப்பார்கள். பலவற்றில் மெத்தில்கோபாலமின் என்ற பி12 சேர்ந்திருப்பதால் அதைச் சத்து மாத்திரை என்று நினைத்துத் தூக்கிப்போடுகிறவர்கள் உண்டு. உள்ளே பிரிகாபாலின் என்ற நரம்புவலி மருந்து இருந்தால் அதையும் குறைந்தது ஒரு வாரம் வைத்துப் படிப்படியாகத்தான் விட வேண்டும். அதையும் டிராமடாலையும் ஒரே வாரத்தில் குறைத்தால் எது படுத்துகிறது என்று தெரியாது.

குறைக்கிற நாட்களில் வலி கொஞ்சம் தலைதூக்கும். அதற்காக எல்லா வலியையும் அதன் கணக்கில் எழுதிவிடக் கூடாது. கெண்டைக்கால் வீங்கிச் சூடாகி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். காய்ச்சல், தையலில் நீர் கசிவு, நாளுக்கு நாள் கூடும் வலி என்றால் அன்றே மருத்துவமனை. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108.

நிறுத்திப் பல நாள் ஆன பிறகு ஒரு நாள் வலி வந்தால் பழைய அளவையே போடுவதும் ஆபத்துதான். அதற்குள் உடம்பு பழக்கத்தை விட்டிருக்கும். அன்று தாங்கிய அளவு இன்று மூச்சை மந்தமாக்கக்கூடும். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் மோசம்.

எங்கள் வீட்டில் கடைசியில் நான்கு மாத்திரை மிஞ்சியது. எதிர்வீட்டு அத்தைக்கும் முட்டிவலி; இரண்டு கொடேன் என்று அம்மாவிடம் கேட்டார். அந்த அத்தை தினமும் இரவு தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு படுப்பவர். அவர் போன பிறகு நான்கையும் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, பில்டரில் இருந்த காப்பிச் சக்கையில் பிசைந்து, பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். அத்தைக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.