ஐந்து அமைப்பு, ஒரு தெரு: கடலூரில் கூட்டு வேலை சறுக்கும் இடங்கள்

கார்த்திகை வெள்ளத்தின் இரண்டாம் நாள் மதியம். பெரிய சாலையை ஒட்டிய வீட்டுக்கு மூன்றாவது சாம்பார் சாதப் பொட்டலம் வந்து இறங்குகிறது. முதல் இரண்டும் திண்ணையில் பிரிக்காமல் கிடக்கின்றன. அங்கிருந்து முந்நூறு அடி உள்ளே, கெடிலம் ஆற்றின் கரையோரச் சந்தில், முழங்கால் தண்ணீரைத் தாண்டி இன்னும் யாரும் வரவில்லை. பொட்டலம் கொண்டுவந்த மூன்று அமைப்புகளும் அன்றிரவு தங்கள் வாட்ஸ்அப் குழுவில் ‘இந்த ஏரியா முடிந்தது’ என்று எழுதியிருக்கும். மூவருமே பொய் சொல்லவில்லை.

கடலூருக்கு இந்த நிவாரண வேலை புதிதல்ல. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று பாடம் படித்த ஊர். மகளிர் குழுக் கூட்டமைப்பு, மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து, இளைஞர் மன்றம், ஜமாத், பங்குக் கோயில், ரோட்டரி, தொண்டு நிறுவனம் என எல்லோருக்கும் அவரவர் வேலை நன்றாகவே தெரியும். ஒருவர் கை விட்டு இன்னொருவர் கை பிடிக்க வேண்டிய இடத்தில்தான் காரியம் கெடுகிறது. நூல் எவ்வளவு திடமாக இருந்தாலும் முடிச்சு நழுவினால் வலையில் மீன் நிற்காது.

ஆளுக்கொரு பட்டியல்

முதல் தவறு, ஒவ்வொரு அமைப்பும் தனக்கென்று ஒரு பயனாளிப் பட்டியல் வைத்திருப்பது. அதைவிடப் பெரிய தவறு, ரேஷன் கார்டு பட்டியலை அப்படியே நகலெடுத்துக்கொண்டு ‘கணக்கெடுப்பு ஆயிற்று’ என்பது. வாடகைக்கு இருப்பவர்கள், சிப்காட் வேலைக்கு வந்து தங்கியிருக்கும் வெளிமாநிலத்தார், அட்டையே இல்லாத இருளர் குடும்பங்கள் யாரும் அதில் இருக்க மாட்டார்கள். ஊர்ப் பஞ்சாயத்து வழியாக மட்டும் பொருள் போனால் அந்த ஊர்க் கணக்கில் வராத தலித் குடியிருப்பும், தனியாக வாழும் பெண்களும் விட்டுப்போவார்கள். சுனாமி நிவாரணத்தில் பல இடங்களில் நடந்தது இதுதான்.

மழைக்கு முன், புரட்டாசியிலேயே, தெருத்தெருவாக நடந்து ஒரே பட்டியல் எடுங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு மாலையில் நாற்பது வீடு முடியும். அதில் ஒருவர் அந்தத் தெருப் பெண்ணாக இருக்கட்டும். கதவு எண், தலை எண்ணிக்கை, கைக்குழந்தை, கர்ப்பிணி என்றால் எத்தனையாம் மாதம், இன்சுலின் அல்லது டயாலிசிஸ் உண்டா, தூக்கித்தான் நகர்த்த வேண்டியவர் யார், மாடி உண்டா, குடிதண்ணீர் எங்கிருந்து: இவ்வளவு போதும். ஆதார் எண் வாங்காதீர்கள், அதை வைத்து நீங்கள் செய்யப்போவது ஒன்றுமில்லை. காசநோய், எச்ஐவி, மனநோய் பற்றிப் பட்டியலில் எழுதவே எழுதாதீர்கள். கைப்பிரதி இரண்டு மட்டும். படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டால் மறுநாளே கடன் வசூலிப்பவர் வரை போய்விடும்.

சோறு ஊசிப்போகும் கணக்கு

தலைக்கு 100 முதல் 120 கிராம் அரிசி என்றால் நூறு பேருக்கு 10–12 கிலோ. இது எல்லாச் சமையல்காரருக்கும் தெரியும். தவறுவது நேரத்தில். காலை பத்து மணிக்குச் சூட்டோடு பிளாஸ்டிக் உறையில் கட்டிய சாம்பார் சாதம், படகுக்குக் காத்திருந்து மூன்று மணிக்குப் போய்ச் சேரும்போது வாடை வந்திருக்கும். பருப்பும் தேங்காயும் சேர்ந்தது முதலில் கெடும். தூரம் போக வேண்டியதென்றால் புளிச்சாதம் செய்யுங்கள். எதுவானாலும் கட்டிய நேரத்தைப் பொட்டலத்தின் மேல் எழுதுங்கள். நாலு மணி நேரம் தாண்டினால் கொடுக்கக் கூடாது. தெருவைப் பிரித்துக்கொள்வதை விட வேளையைப் பிரித்துக்கொள்வது நல்லது: காலை ஒருவர், மதியம் ஒருவர், இரவு ஒருவர். தெருவைப் பிரித்தால் எல்லோரும் தார்ச்சாலைத் தெருவைத்தான் கேட்பார்கள்.

பழைய துணி வாங்கவே வாங்காதீர்கள். சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரச் சாலைகளில் குவிந்து கிடந்த துணி மூட்டைகளை அள்ளுவதே தனி வேலையாகிப் போனது.

எல்லோருடைய கிணறும் யாருடைய கிணறும் இல்லை

வெள்ளம் வடிந்ததும் இரண்டு அமைப்புகள் ஒரே மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடும். பக்கத்துத் தெரு உறைகிணற்றில் ஒருவரும் போட மாட்டார்கள். அளவும் ‘ரெண்டு கைப்பிடி’ என்ற கணக்குதான். தண்ணீர் நெடியடித்தால் ஜனங்கள் அதை விட்டுவிட்டுக் கலங்கல் குட்டைக்குப் போவார்கள். போட்டதற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

கணக்கு கடினமானதில்லை. கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதே எண்ணால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நாலால் வகுத்தால் கன மீட்டர். விட்டம் 2 மீட்டர், நீர் 3 மீட்டர் என்றால் 9.42 கன மீட்டர், அதாவது சுமார் 9,400 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் வீதம் இந்தக் கிணற்றுக்கு 24 கிராம் வரும். தூளை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைத்து, முக்கால் வாளி வரை நீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. அது கிணற்றுக்குள் போக வேண்டாம். மேல் தெளிவை மட்டும் வேறு வாளியில் இறுத்து, கயிற்றில் இறக்கி, நீருக்குள் மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. பிறகு குளோரோஸ்கோப்பில் (எஞ்சிய குளோரினை நிறத்தால் காட்டும் சோதனைக் கருவி) பார்த்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி போட வேண்டியதுதான்.

இங்கே நடக்கும் இன்னொரு கோளாறு: போன வருடம் பிரித்த மூட்டை. காற்றும் ஈரமும் பட்ட பவுடரில் குளோரின் போய்விடும், வெள்ளை நிறம் மட்டும் மிஞ்சும். எடை சரியாக இருந்தும் சோதனையில் நிறம் வராததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வெள்ளநீர் உள்ளே இறங்கிய கிணறு என்றால் முதலில் சேறோடு இறைத்து வெளியேற்றாமல் மருந்து போடுவது வீண். கலங்கல் குளோரினைத் தின்றுவிடும்.

தொட்டியை ஊராட்சி டேங்க் ஆபரேட்டரிடம் விட்டுவிடுங்கள், அவருக்குத் தெரியாமல் ஏறாதீர்கள். அமைப்புகள் கிணறுகளையும் கைப்பம்புகளையும் எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு கிணற்றுச் சுவரிலும் சாக்பீஸால் தேதி, கிராம், போட்டவர் பெயர் மூன்றும் எழுதினால் இரட்டை வேலை நின்றுவிடும்.

உப்புச் சர்க்கரைக் கரைசலிலும் இதே குழப்பம்தான். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கான 20.5 கிராமும் உண்டு, 200 மில்லிக்கான நாலு கிராம் சொச்சமும் உண்டு. ஒரு அமைப்பு பெரியதையும் இன்னொன்று சின்னதையும் கொடுத்தால், பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். அவ்வளவு உப்பு குழந்தைக்கு ஆபத்து. எல்லோரும் பேசி ஒரே அளவை வாங்குங்கள்.

முகாம் முடிந்ததும் மறந்துபோவது

ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாம்: பந்தல், குத்துவிளக்கு, சால்வை, நாற்பது நிமிட உரை. வெயிலில் நடந்து வந்த பெரியவரை வரிசையிலிருந்து இழுத்து உட்காரவைத்துப் பிரஷர் பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவிட்டு, கால்மேல் கால் போடாமல், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் பொய்யாகவே ஏறும். சுகர் ஸ்ட்ரிப் டப்பாவை மூடாமல் மேசையில் வைப்பது இன்னொரு வழக்கம். கடற்காற்றின் ஈரத்தில் அது கெடும்.

இவற்றைத் திருத்திவிடலாம். திருத்தக் கடினமானது முகாமுக்குப் பின்னால் வருவது. முகாமில் ஒரு நிறுவனத்தின் பெயரில் பிரஷருக்கான அம்லோடிபின் பதினைந்து மாத்திரை கொடுப்பார்கள். அவருக்கு ஏற்கனவே ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தோ, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பணியாளரிடமிருந்தோ அதே மருந்து வேறு அட்டையில் வந்துகொண்டிருக்கும். பாட்டி இரண்டையும் விழுங்குவார். விடியற்காலை கொல்லைக்கு எழுந்தவர் தலைசுற்றி விழுவார். அதனால் முகாமில் மருந்து கொடுப்பதையே நிறுத்துங்கள். கொடுக்க வேண்டியது சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் பரிந்துரைச் சீட்டு, அதுவும் மூன்று பிரதி: ஒன்று நோயாளிக்கு, ஒன்று சுகாதார நிலையத்துக்கு, ஒன்று அந்தத் தெரு மகளிர் குழுவுக்கு. பதினான்காம் நாள் மூன்றாவது பிரதியை வைத்துக்கொண்டு ‘அக்கா, போய்ப் பார்த்தீங்களா?’ என்று கேட்க ஒரு ஆள் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். இருநூறு பேரைப் பார்த்துவிட்டு யாரையும் திரும்பக் கேட்காத முகாமை விட, முப்பது பேரைப் பார்த்து முப்பது பேரையும் கேட்பது மேல்.

நாளும் பார்த்து வையுங்கள். விடியலில் கடலுக்குப் போனவர் வெயில் ஏறித்தான் திரும்புவார், மீன் விற்கும் பெண்களுக்கு மதியம் வரை சந்தை, கட்டட வேலைக்குப் போகிறவர் ஏழு மணிக்கே கிளம்பியிருப்பார். காலை பத்து மணி முகாம் யாருக்கானது?

பணம் யார் பையில்

ஒருவருடைய ஜிபே எண்ணில் எல்லோரும் போடுவது வசதியாகத்தான் இருக்கும், கணக்குக் கேட்கும் நாள் வரை. பதிவு பெற்ற ஒரு அமைப்பின் வங்கிக் கணக்கை எடுத்துக்கொண்டு, வேறு வேறு அமைப்பைச் சேர்ந்த இருவர் ஒப்புதல் இல்லாமல் பணம் வெளியே போகாது என்று எழுதி வையுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது. அரிசி மூட்டையாகத் தந்தாலும் கிடையாது. இதை முன்பே சொல்லாததால் மார்ச்சில் சண்டை வரும்.

வெளிநாட்டு நிதி வாங்கும் நிறுவனம் கூட்டில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு, அதற்கும் பதிவு இருந்தால்கூட, மாற்றித் தர முடியாது. ‘எங்க கணக்குக்கு அனுப்பிடுங்க, நாங்க செலவு பண்ணிக்கிறோம்’ என்பது அவர்களுடைய பதிவுக்கே உலை வைக்கும். பொருளை அவர்களே வாங்கி, அவர்கள் பெயரிலேயே ரசீது போடட்டும்.

கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனிக்காரர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். பள்ளிக்கூடமோ சத்துணவுக் கூடமோ பொது. பேனரில் யார் பெயர் முதலில் என்ற வழக்குக்கு ஒரே தீர்ப்பு அகரவரிசை. இன்னும் நல்லது, பெயர்களுக்குப் பதில் 108-ஐயும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐயும் பெரிதாகப் போடுவது. யார் எந்த வேலை என்ற ஒப்பந்தத்தை அக்டோபர் 2 கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாக்கிவிட்டால், நவம்பரில் ‘எனக்குச் சொல்லவே இல்லையே’ என்று ஒருவரும் சொல்ல முடியாது. வாசிப்பது வேலைப் பட்டியலை மட்டும், நோயாளிப் பட்டியலை அல்ல.

கடைசியாக, கைப்பேசி. 2024-ல் ஃபெஞ்சல் கரையைக் கடந்தது நவம்பர் 30 இரவு. தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது அதற்குப் பிறகு, மேலே சாத்தனூர் அணை திறக்கப்பட்ட பின். புயல் போய்விட்டது என்று எல்லோரும் படுத்துவிடும் இரவில் விழித்திருக்க ஒரு எண் வேண்டும். அது எல்லோருடைய எண்ணாகவும் இருந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். மாலை ஆறு முதல் நள்ளிரவு வரை ஒருவர், அங்கிருந்து விடியும் வரை இன்னொருவர் என்று ஏழு நாளுக்குப் பதினான்கு பெயர் எழுதி, ஐப்பசி பிறப்பதற்குள் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். யாராவது சிம் மாற்றினால் தாளையும் மாற்றுங்கள்.