சீலோவுக்குச் செக்குபந்தி பார்ப்பது எப்படி

தரங்கம்பாடி, பொறையாறு பக்கம் முப்பது வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். போன மாதம் ஞாயிறு பள்ளிப் பையன் ஒருவன் போனை நீட்டி, "தாத்தா, சீலோன்னு தேடினா அமெரிக்காவுல ஏதேதோ ஊரு காட்டுது. சாமுவேல் வளர்ந்த ஊரு எது?" என்றான். சீலோ என்பது பைபிளில் சாமுவேல் தீர்க்கதரிசி சிறுவனாக வளர்ந்த ஊர். செக்குபந்தி என்பது, ஒரு நிலத்துக்கு நாலு பக்கமும் எல்லை எது என்று பத்திரத்தில் எழுதும் பகுதி. பையனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதையை ஓரமாக வைத்துவிட்டு, எல்லை சொல்லும் வசனத்தைப் பிடியுங்கள். சீலோவுக்கு அது நியாயாதிபதிகள் 21:19. பெத்தேலுக்கு வடக்கு, பெத்தேலிலிருந்து சீகேமுக்குப் போகும் வழிக்குக் கிழக்கு, லெபோனாவுக்குத் தெற்கு. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேற்படியார் நிலத்துக்கு வடக்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு, இதன் மத்தியில்" என்று ஆயிரம் தடவை நான் எழுதிய அதே நடை! "இன்னதுக்கு மேற்கு" ஒன்றுதான் விட்டுப்போயிருக்கிறது. நம்மூரில் பதிவுக்குப் போனால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஊர் ஏற்கெனவே பாழாகி, வழி சொன்னால்தான் தெரியும் என்ற காலத்தில் எழுதியிருப்பார்கள் என்பது என் எண்ணம். நின்று வாழும் ஊருக்கு இவ்வளவு விலாசம் எதற்கு?

ஒன்றைக் கவனியுங்கள். "பெத்தேலுக்கு வடக்கு" என்றால் பெத்தேல் நமக்குத் தெற்கு எல்லை. புதிதாகப் படிப்பவர்கள் தலைகீழாகப் பிடித்துக்கொள்வார்கள். நானே தொழிலுக்கு வந்த இரண்டாம் வருஷம் ஒரு மனைக்குக் கிழக்கையும் மேற்கையும் மாற்றி எழுதி, கைக்காசு போட்டுப் பிழைத்திருத்தல் பத்திரம் பதிந்தேன். ஆகவே தாளில் ஒரு கட்டம் போட்டு, கீழே பெத்தேல், மேலே லெபோனா, இடப்பக்கம் சாலை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அந்த எல்லைகளுக்கு இன்றைய பேர். பெத்தேல் அரபு வாயில் பெய்தீன் ஆயிற்று, லெபோனா லுப்பான் ஆயிற்று. தரங்கம்பாடி வெள்ளைக்காரர் வாயில் டிராங்குபார் ஆகவில்லையா? சீலோ, செய்லூன் ஆனது. கடைசியில் அந்த 'ன்' எங்கிருந்து வந்தது என்பீர்கள். 1 இராஜாக்கள் 11:29-ஐப் புரட்டுங்கள். அகியா தீர்க்கதரிசி 'சீலோனியன்' என்றே வருகிறார். 'ன்' பழசுதான். சீகேமில் இந்த வித்தை பலிக்காது. அதன் பக்கத்தில் ரோமர் கட்டிய நெயாப்போலிஸின் பேர்தான் இன்று நாப்லூஸ் என்று நிற்கிறது.

இப்போது மேப். எருசலேமிலிருந்து நாப்லூஸ் போகும் 60ஆம் எண் சாலையைப் பிடியுங்கள். பெய்தீனுக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில், சாலைக்குக் கிழக்கே ஒதுங்கி, தெல் சிலோ என்ற மேடு. லுப்பான் நேர் வடக்கில் இருக்காது, மேற்கே நன்றாகவே தள்ளியிருக்கும். பரவாயில்லை, சங்கிலி பிடித்து அளந்த பத்திரமா அது? பக்கத்தில் சிலோ என்றே புதிய யூதக் குடியிருப்பு ஒன்று உண்டு; புள்ளியை அங்கே குத்திவிடாதீர்கள்.

1838இல் எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர், அரபு தெரிந்த ஈலை ஸ்மித்தைக் கூட்டிக்கொண்டு இந்த ஊர்களையெல்லாம் விசாரித்தே கண்டுபிடித்தார். "இதுதானே சீலோ?" என்கிற மாதிரிக் கேள்வியை அவர்கள் தவிர்த்தார்கள். அப்படிக் கேட்டால் எங்கள் தெருவிலும் "ஆமாங்க" என்றுதான் பதில் வரும். "இந்த மேட்டுக்கு என்ன பேரு?" என்று கேட்க வேண்டும்.

பேர் பொருந்தியதோடு நிறுத்தாதீர்கள். அந்தக் காலத்துப் பானை ஓடு அங்கே கிடைத்ததா என்று பாருங்கள். சீலோவை 1920களில் தோண்டியவர்கள் யார் தெரியுமா? டேனிஷ்காரர்கள்! 1845 வரை எங்கள் தரங்கம்பாடிக் கோட்டையில் கொடி கட்டியிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள். பிறகு 1981 முதல் 1984 வரை இஸ்ரேல் ஃபின்கெல்ஸ்டைன் என்ற தொல்லியலாளர் தோண்டினார். கி.மு. 11ஆம் நூற்றாண்டில் தீயில் அழிந்த கட்டடம், உள்ளே கழுத்தில் வளையம் வைத்த பெரிய சாடிகள். "சீலோவுக்கு நான் செய்ததைப் போய்ப் பாருங்கள்" என்று எரேமியா 7:12-இல் கடவுள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது.

சில ஊருக்கு அதிர்ஷ்டம் உண்டு. எல்-ஜிப் என்ற கிராமத்தில் ஜேம்ஸ் பிரிட்சர்ட் 1956இல் தோண்டத் தொடங்கியபோது, சாடிக் கைப்பிடிகளிலேயே எபிரெய எழுத்தில் கிபியோன் என்று பைபிள் ஊரின் பேர் இருந்தது. கேசேர் என்ற இன்னொரு பைபிள் ஊரில் இன்னும் ஒருபடி மேல்: 1874இல் கிடைத்தது, பாறையில் வெட்டிய 'கேசேரின் எல்லை'. எல்லைக்கல்லே கையில்!

ஒரே பேரில் இரண்டு ஊர் இருந்தாலும் கட்டம்தான் காப்பாற்றும். யோசுவா 19:15-இல் செபுலோன் கோத்திரத்துக்கும் ஒரு பெத்லகேம் உண்டு.

பையன் இப்போது எரேமியாவின் ஊரான அனதோத்தை எடுத்திருக்கிறான். மறுநாளே அனாத்தா என்ற ஊரில் புள்ளி குத்திக்கொண்டு வந்தான். ஓடு அங்கேயா, பக்கத்துக் குன்றிலா என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு போயிருக்கிறான்.