கர்ப்பகால ஈரல் நோய்களும் மருந்தில் நேரும் தவறுகளும்

ஏழாம் மாதத்துக்குப் பிறகு ஒரு கர்ப்பவதி, இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கின்றன என்று சொன்னால், பெரும்பாலும் அவருக்கு முதலில் கிடைப்பது பூசுமருந்தும் அலேர்ஜிக் குளிசையும்தான். தோலில் தடிப்பே இல்லாத அந்த அரிப்பு, பித்தநீர் ஈரலிலிருந்து சரிவர வெளியேறாததால் வருவதாக இருக்கலாம். குளிசை நித்திரையைத் தரும், ஆனால் இரத்தத்தில் தேங்கிய பித்த அமிலத்தைக் குறைக்காது. அந்த அளவு லீற்றருக்கு 100 மைக்ரோமோலை எட்டும்போது குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் தெளிவாகக் கூடுவதால், இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் இங்கே பெருந்தவறு. இந்நோய்க்கு வழமையாக எழுதப்படும் உர்சோடிஒக்சிகோலிக் அமிலத்தையும் அளவுக்கு மீறி நம்பக்கூடாது. 2019 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், அது அரிப்பைச் சிறிதளவு தணித்ததேயன்றிக் குழந்தைக்கு நேரும் பாதிப்புகளைக் குறைத்ததாகத் தெரியவில்லை. குளிசை குடிக்கிறோம்தானே என்று கிளினிக்கைத் தவறவிடுவோர், பிரசவ நாளைத் தீர்மானிக்கும் பரிசோதனையையே தவறவிடுகிறார்கள்.

வயல் வேலை நடக்கும் வன்னிக்கு எலிக்காய்ச்சலைத் தனியே சொல்லவேண்டும். அதைத் தடுப்பதற்காக விவசாயிகளுக்குக் கொடுக்கப்படும் டொக்சிசைக்கிளினைக் கணவரின் பொதியிலிருந்து எடுத்துக் கர்ப்பவதி விழுங்குவது தவறு, ஏனெனில் அவ்வகை மருந்து குழந்தையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கக்கூடியது. நரம்புவழி அதிக அளவில் ஏற்றப்பட்ட, அதே வகையைச் சேர்ந்த டெட்ராசைக்கிளின், முற்காலத்தில் கர்ப்பவதிகளின் ஈரலையே செயலிழக்கச் செய்ததும் உண்டு. காய்ச்சலோடு கண் மஞ்சளித்தால் வைத்தியசாலையில் பெனிசிலின் போன்ற பொருத்தமான மருந்துகள் உள்ளன.

செங்கமாரி என்றதும் கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் குடித்துக் காத்திருப்பதும் ஆபத்தானது. அசுத்த நீரால் பரவும் வைரஸ் ஈரலழற்சியான ஹெப்பற்றைற்றிஸ் ஈ, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே மாறிவிடும் நோய்தான், ஆயினும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அதற்கு ஆளானோரில் 20 முதல் 25 சதவீதம் வரையானோர் இறக்கக்கூடும். அந்த வைரசுக்கு எதிராக வேறு நோயாளருக்குத் தரப்படும் ரிபாவிரின், கருவைச் சிதைக்கும் என்பதால் கர்ப்பவதிக்கு ஆகாது.

கடைசி மாதங்களில் வரும் வாந்தியையும் வலப்பக்க மேல்வயிற்று நோவையும் வயிற்றெரிவு என்று எண்ணி, அதற்கான குளிசையோடு வீட்டில் இருந்துவிடுவதும் நடக்கிறது. கர்ப்பகாலத் தீவிர கொழுப்பீரலாகவோ, உயர் குருதியமுக்கத்தோடு வரும் ஈரல் பாதிப்பாகவோ இருந்தால், அதைக் குணமாக்கும் மருந்து கிடையாது, பிரசவமே சிகிச்சை.

மருந்து என்றாலே பிள்ளைக்குக் கேடு என்று பயந்து நிறுத்துவது இதற்கு நேரெதிரான தவறு. வைரஸ் அளவு மிகுந்த ஹெப்பற்றைற்றிஸ் பி உள்ள தாய்க்கு ஏறத்தாழ 28ஆம் வாரத்திலிருந்து கொடுக்கப்படும் டெனோஃபோவிர், தொற்று குழந்தைக்குப் போவதைத் தடுப்பதற்கானது. அதோடு, பிறந்து 24 மணிநேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசியும் வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு ஈரலழற்சிக்கு அசதயோபிரின் எடுப்பவர் அதைத் தானாக நிறுத்தினால் நோய் மீண்டும் கிளர்ந்தெழக்கூடும். அதே நோய்க்கு மைக்கோஃபெனோலேற் எடுப்பவர் மட்டும், அது கருவைப் பாதிக்கும் என்பதால், கருத்தரிப்பதற்கு முன்பே வைத்தியரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளவேண்டும்.