என்.எஃப்.எல். டிராஃப்ட்: ஊகிக்கும் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் மாதக் கடைசியில் மூன்று நாள் நடக்கும் என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) டிராஃப்டுக்காக அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் ஜனவரியிலிருந்தே கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். கல்லூரி ஆட்டத்தை முடித்த இளைஞர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் இந்த ஏற்பாட்டில் ஏலம் கிடையாது. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு என்பதே அடிப்படை விதி. அந்த வாய்ப்புகளை அணிகள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளலாம். 2024இல் டெட்ராய்ட்டில் நடந்த டிராஃப்டுக்கு 7 லட்சத்து 75 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள் என்று லீக் அறிவித்தது. ஊகிப்பது இந்த மகிழ்ச்சியின் பாதி என்பதால், ஊகிக்காதீர்கள் என்று சொல்வதில் பொருளில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஒரே மாதிரியான ஏமாற்றங்கள் வருவதற்குக் காரணம் உண்டு: ரசிகர்களுக்குக் கிடைக்கும் தகவல் வேறு, அணிகள் முடிவெடுக்கப் பயன்படுத்தும் தகவல் வேறு என்பது ஏப்ரல் நெருங்க நெருங்க மறந்துபோகிறது.

முதல் தவறு, விமர்சகர்கள் வெளியிடும் மாக் டிராஃப்ட் எனப்படும் ஊகப் பட்டியல்களை அணிகளின் சொந்தப் பட்டியலாக எண்ணிக்கொள்வது. பத்துப் பட்டியல்களில் ஒருவரின் பெயர் முதல் சுற்றில் இருந்தால், பத்து சாட்சிகள் ஒரே செய்தியைச் சொல்வதுபோலத் தோன்றும். பெரும்பாலும் ஒருவர் சொன்னதைக் கேட்டே மற்றவர்களும் தம் பட்டியலைத் திருத்தியிருப்பார்கள். 2025இல் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்) ஷெடூர் சாண்டர்ஸ் முதல் சுற்றிலேயே போய்விடுவார் என்று பலர் எழுதினார்கள். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அவரை ஐந்தாம் சுற்றில், 144ஆம் இடத்தில்தான் எடுத்தது. அதற்கு முன்பே, மூன்றாம் சுற்றில், டிலன் கேப்ரியல் என்ற வேறொரு குவார்ட்டர்பேக்கையும் அதே அணி எடுத்திருந்தது. சாண்டர்ஸ் ஏன் இவ்வளவு கீழே இறங்கினார் என்று பல நாள் விவாதம் நடந்தது. அணிகளின் பட்டியலில் அவர் ஒருபோதும் மேலே இருந்திருக்க மாட்டார் என்ற எளிய விளக்கம் அந்த விவாதத்தில் அதிகம் காதில் விழவில்லை.

குவார்ட்டர்பேக்குகள் விஷயத்தில் இந்த ஏமாற்றம் கூடுதலாக நேர்வதற்கு ஆட்டத்தின் அமைப்பும் காரணம். களத்தில் அந்த இடத்தில் ஒருவர்தான் ஆட முடியும் என்பதால், தேவையுள்ள ஓரிரு அணிகள் தம் ஆளைத் தேர்ந்துகொண்ட பிறகு, அடுத்தவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் நெடுநேரம் காத்திருக்க நேரும். 2005இல் சான் பிரான்சிஸ்கோ முதல் தேர்வாக அலெக்ஸ் ஸ்மித்தை எடுத்ததும், ஏரன் ராட்ஜர்ஸ் 24ஆம் இடம் வரை அரங்கில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது தவறு, ஏப்ரல் மாதத்து வதந்திகளை நம்புவது. டிராஃப்டுக்கு முந்தைய வாரங்களில் வெளிவரும் செய்திகளில் பெரும்பாலானவற்றை யாரோ ஒருவர் ஒரு நோக்கத்தோடுதான் வெளியே விடுகிறார். தான் விரும்பும் வீரரை வேறு அணி கவனிக்காமலிருக்க வேண்டும் என்பது அணியின் நோக்கம். தன் வாடிக்கையாளரின் மதிப்பு உயர வேண்டும் என்பது முகவரின் நோக்கம். 2023இல் வில் லெவிஸ் முதல் தேர்வாகப் போகிறார் என்று இணையத்தில் பெயரில்லாத ஒருவர் எழுதிய பதிவை நம்பி பந்தய விகிதங்களே மாறின. லெவிஸ் முதல் நாள் முழுவதும் காத்திருந்துவிட்டு, மறுநாள் 33ஆம் இடத்தில் டென்னசி டைட்டன்ஸுக்குப் போனார். அதே ஆண்டு சி. ஜே. ஸ்ட்ரவுட் ஒரு சிந்தனைத் திறன் தேர்வில் மோசமான மதிப்பெண் வாங்கியதாகச் செய்தி கசிந்தது. இரண்டாம் இடத்தில் அவரை எடுத்த ஹூஸ்டன் டெக்சன்ஸ், அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரரைப் பெற்றது. இத்தகைய செய்தி கண்ணில் பட்டதும் அது உண்மையா என்று கேட்பதைவிட, இது வெளியானதால் யாருக்கு லாபம் என்று கேட்பது பயன் தரும்.

டிராஃப்டுக்கு முன் அணிகள் வீரர்களைப் பரிசோதிக்க இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைனில், 40 யார்டு ஓட்டத்தின் வேகத்தை வைத்து வீரரை எடைபோடும் தவறைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 2017இல் ஜான் ராஸ் அதை 4.22 நொடியில் ஓடி, அந்நாள் வரையிலான சாதனையை முறியடித்தார்; ஒன்பதாம் இடத்தில் அவரை எடுத்த சின்சினாட்டி அணிக்காக ஒரு பருவத்தில்கூட அவர் பந்தைப் பிடித்து 600 யார்டுகளைத் தொடவில்லை. 2003இல் 4.7 நொடிக்கும் அதிகமாக எடுத்துக்கொண்டு 54ஆம் இடம் வரை இறங்கிய அன்குவான் போல்டின், முதல் பருவத்திலேயே 101 பந்துகளைப் பிடித்தார். கம்பைனில் அணிகளுக்கு உண்மையில் முக்கியமானவை மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும்தான்; அவை இரண்டும் தொலைக்காட்சியில் வருவதில்லை.

அணியின் இன்றைய ஓட்டையை மட்டும் பார்த்து ஊகிப்பது இன்னொரு தவறு. 2024 மார்ச்சில் குவார்ட்டர்பேக் கிர்க் கசின்ஸுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 18 கோடி டாலர் வரை ஒப்பந்தம் கொடுத்த அட்லாண்டா ஃபால்கன்ஸ், அடுத்த மாதமே எட்டாம் தேர்வில் மைக்கேல் பெனிக்ஸ் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தபோது ரசிகர்கள் திகைத்தார்கள். டிசம்பரில் கசின்ஸ் வெளியே உட்கார்த்தப்பட்டு பெனிக்ஸ் களமிறங்கினார். அந்தத் தேர்வு சரியா தவறா என்பது வேறு கேள்வி. தேர்ந்தெடுக்கப்படும் வீரரின் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள். முதல் சுற்று வீரரானால் ஐந்தாம் ஆண்டையும் சேர்த்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. ஆகவே செப்டம்பரில் தொடங்கும் அடுத்த பருவத்தை மட்டும் எண்ணி எந்த மேலாளரும் தேர்ந்தெடுப்பதில்லை. புதுமுகங்களின் ஊதியத்துக்கு வரம்பிட்டு 2011இல் வந்த புதிய விதி இந்தக் கணக்கை மேலும் கூர்மையாக்கியது. 2010இன் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் உறுதித்தொகை கிடைத்தது. அடுத்த ஆண்டின் முதல் தேர்வான கேம் நியூட்டனின் முழு ஒப்பந்தமே ஏறக்குறைய 2.2 கோடிதான். குறைந்த ஊதியத்தில் நல்ல குவார்ட்டர்பேக் கிடைத்தால் மிச்சப்படும் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பிவிடலாம் என்பதால்தான் அணிகள் அந்த இடத்தில் திரும்பத் திரும்பச் சூதாடுகின்றன.

ஆனால் ரசிகர்கள் செய்யும் தவறுகளில் அதிக விலையுள்ளது, ஒரே வீரரிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டு, எதைக் கொடுத்தாவது தேர்வு வரிசையில் மேலே ஏறி அவரை எடுங்கள் என்று கேட்பது. 1999 இதற்கு முழுமையான பாடம். பிலடெல்பியா ஈகிள்ஸ் ரசிகர்களில் ஒரு கூட்டம், உள்ளூர் விளையாட்டு வானொலியின் தூண்டுதலில் நியூயார்க்குக்குப் பேருந்து ஏறிப் போய், பந்தோடு ஓடும் ஆட்டக்காரரான ரிக்கி வில்லியம்ஸை எடுக்காமல் இரண்டாம் இடத்தில் டோனவன் மக்நாபை எடுத்ததற்காக, மேடையில் நின்ற அந்த இளைஞரின் முகத்துக்கு நேராகவே கூச்சலிட்டது. வில்லியம்ஸ் மீது அதே ஆசை கொண்டிருந்த நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் பயிற்சியாளர் மைக் டிட்கா, அவ்வாண்டுத் தேர்வுகள் அனைத்தையும் அடுத்த ஆண்டின் முதல், மூன்றாம் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்து ஐந்தாம் இடத்துக்கு ஏறினார். செயின்ட்ஸ் 3 வெற்றி, 13 தோல்வியோடு பருவத்தை முடித்தது. டிட்கா பதவி இழந்தார். மக்நாப் ஈகிள்ஸைச் சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார். வில்லியம்ஸ் மோசமான ஆட்டக்காரர் அல்லர் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது: 2002இல் மயாமிக்காக 1,853 யார்டு ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். வீரரின் திறமையில் பிழையில்லை, கொடுத்த விலையில்தான் பிழை.

பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் பல ஆண்டுத் தேர்வுகளை ஆராய்ந்தபோது, முன்னதாக எடுக்கப்பட்ட வீரர் அதே இடத்தில் ஆடும் அடுத்த வீரரைவிடச் சிறந்து விளங்கும் வாய்ப்பு ஏறக்குறைய 52 விழுக்காடுதான் என்று கண்டார்கள். நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல். அப்படியானால் எண்ணிக்கையில் கூடுதல் தேர்வுகள் வைத்திருப்பதே பெரும்பாலும் அறிவுடைமை. என்னைக் கேட்டால், மேலே ஏறுவதற்கு நியாயம் உள்ள ஒரே இடம் குவார்ட்டர்பேக்தான். அதிலும் 2017இல் சிகாகோ பேர்ஸ் மூன்றிலிருந்து இரண்டுக்கு ஒரே ஒரு படி ஏறவே கூடுதலாக மூன்று தேர்வுகளைக் கொடுத்து மிட்செல் டிரூபிஸ்கியை எடுத்தது. அதே நாளில் 27இலிருந்து பத்துக்கு ஏறிய கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ், பின்னாளில் சூப்பர் பௌல் வென்ற பாட்ரிக் மஹோம்ஸை எடுத்தது.

டிராஃப்ட் முடிந்த இரவே அணிகளுக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தையும் இதே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். 2012இல் சில விமர்சகர்களிடம் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய சியாட்டில் சீஹாக்ஸின் பட்டியலில் பாபி வாக்னரும் ரஸல் வில்சனும் இருந்தார்கள். இரண்டே பருவங்களில் அந்த அணி 43-8 என்று சூப்பர் பௌலை வென்றது. 2022இன் கடைசித் தேர்வான, 262ஆம் இடத்து பிராக் பர்டியை (பின்னாளில் சான் பிரான்சிஸ்கோவின் முதன்மை குவார்ட்டர்பேக் ஆனவர்) பற்றி அன்றிரவு யாரும் பெரிதாக எழுதவில்லை. முதல் சுற்று வீரர்களைப் பொறுத்தவரை, அணி தானே வெளிப்படையாக மதிப்பெண் போடும் நாள் ஒன்று உண்டு: மூன்று பருவங்கள் முடிந்தபின், ஐந்தாம் ஆண்டு உரிமையைப் பயன்படுத்துவதா என்று மே மாதத் தொடக்கத்துக்குள் அது அறிவிக்க வேண்டும். 2020 மே மாதத்தில் டிரூபிஸ்கியின் ஐந்தாம் ஆண்டு வேண்டாம் என்று பேர்ஸ் முடிவு செய்தது. அதே ஆண்டு ஜூலையில் சீஃப்ஸ், மஹோம்ஸுடன் மேலும் பத்தாண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது.