மருந்துவாழ் மலையும் தேரூர் குளமும் ஒரே காலையில்

நாகர்கோவில் பக்கம் வருகிறவர்கள் சூரிய உதயத்துக்குக் கடற்கரைக்கே போகிறார்கள். ஒரு நாள் பொத்தையடி வழியாக மருந்துவாழ் மலை ஏறிப் பாருங்கள். ஜனவரியில் சூரியன் 6.30 மணிக்கு மேல்தான் எழும்பும்; 5 மணிக்கு அடிவாரத்தில் இருந்தால் போதும். தனியாகப் போக வேண்டாம். தலையில் மாட்டும் டார்ச் நல்லது, மேலே பாறைகளில் இரண்டு கையும் வேண்டியிருக்கும். குரங்குகள் உண்டு, தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள். நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை இங்கேதான்.

வெயில் ஏறுமுன் இறங்கி, நேராகச் சுசீந்திரம், தேரூர் குளங்களுக்குப் போய்விடுங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த நீர்நிலைகள் இவை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகளும் வரும். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை எல்லாம் கண்ணுக்கு எளிதில் படும். தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழியைத்தான் பொறுமையாகத் தேட வேண்டும். எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால் நிறம் தெளிவாகத் தெரியும். எதிரே இருந்தால் எல்லாம் கறுப்பு உருவம்தான். 8x42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) தாராளம். ட்ரோன் வேண்டாம், கைதட்டிப் பறவைகளைப் பறக்க வைக்கவும் வேண்டாம். காலை நேரத்தில் அவை இரை தேடிக்கொண்டிருக்கும்.