சூடாகித் திணறும் பழைய வேர்க்ஸ்டேஷன் லப்டொப்பை வீட்டிலேயே சரிசெய்வது

மொரட்டுவையில் பொறியியல் படிக்கும் என் மருமகள் போன மாதம் தன் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "மாமா, ஓட்டோகாட் திறந்தாலே விசிறி கத்துது. பத்து நிமிஷத்தில எல்லாம் ஆமை மாதிரிப் போகுது. புதுசு வாங்கத்தான் வேணுமோ?" என்று கேட்டாள். ஓட்டோகாட் என்பது பொறியியல் வரைபடம் வரையும் மென்பொருள்.

அவளிடம் இருப்பது டெல் பிரிசிஷன் எம்4800. 2013இல் சந்தைக்கு வந்த மொடல், பம்பலப்பிட்டியில் பாவித்ததாக வாங்கியது. உள்ளே இருக்கும் ஐ7-4810எம்கியூ புரொசசருக்கு 4 கோர்கள், அதாவது கணக்குப் போடும் பகுதிகள் நான்கு. அடிப்படை வேகம் 2.8 கிகாஹேர்ட்ஸ், வேலை கூடும்போது தானாக வேகமெடுக்கும் டேர்போவில் 3.8 வரை போகும். வெப்பம் 100 பாகையை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துவிடும். அவள் பார்த்த ஆமை வேகம் அதுதான். புரொசசர் கிழடாகிவிடவில்லை, அதற்கு மூச்சு முட்டுகிறது. 2022க்குப் பிறகு புது வேர்க்ஸ்டேஷன் விலை கேட்டுப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு நல்ல செய்தி என்று தெரியும்.

1. முதலில் அளந்து எழுதுங்கள்

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, சென்சர்களை மட்டும் காட்டும்படி திறவுங்கள். சும்மா இருக்கும்போது என்ன வெப்பம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் புரொசசருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளை 10 நிமிடம் ஓடவிடுங்கள். மூன்று விஷயங்களைத் தாளில் எழுத வேண்டும்: அதிகபட்ச வெப்பம், அப்போது இருந்த வேகம், தேர்மல் த்ரொட்லிங் (சூட்டால் வேகம் குறைவது) வரிசையில் 'ஆம்' என்று வந்ததா என்பது. எங்களுக்கு 98 பாகை வந்தது, வேகம் அடிக்கடி விழுந்தது.

அறையின் வெப்பத்தையும் எழுதுங்கள். கொழும்பில் மத்தியானம் 31 பாகை, ஏசி அறையில் 24. அந்த 7 பாகை வித்தியாசம் ஏறக்குறைய அப்படியே புரொசசரிலும் தெரியும். காலையில் ஓர் அளவும் மத்தியானம் ஓர் அளவும் எடுத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

2. சார்ஜரைப் பாருங்கள்

வெப்பம் 60 பாகைதான், ஆனாலும் வேகம் 0.8 கிகாஹேர்ட்ஸைத் தாண்டவில்லை என்றால் பிரச்சினை சூடு அல்ல. இந்த மொடலுக்கு 180 வோட்ஸ் சார்ஜர் வேண்டும். சார்ஜரை லப்டொப் அடையாளம் காணாவிட்டால், லப்டொப்பின் அடிப்படை மென்பொருளான பயோஸ் வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என் நண்பர் ஒருவர் இரண்டு தடவை தேர்மல் பேஸ்ட் (புரொசசரின் சூட்டை வெளியே கடத்தும் பசை) மாற்றிய பிறகுதான் இதைக் கண்டுபிடித்தார்.

3. திறந்து துப்புரவு செய்யுங்கள்

பாதி வேலை இங்கேதான். காலி வீதிக்குக் கடல் பக்கம் இருக்கும் வீடுகளில் தூசு உலர்ந்து கிடப்பதில்லை. ஈரமும் உப்பும் சேர்ந்து, விசிறிக்கும் செம்புக் குழாயின் மெல்லிய தகடுகளுக்கும் நடுவில் கம்பளிபோலப் படிந்துவிடும். வெளியிலிருந்து காற்றடித்தால் அந்தக் கம்பளி இன்னும் இறுகும். விசிறியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

லப்டொப்பை நிறுத்தி, சார்ஜரையும் பட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை 20 விநாடி அழுத்திப் பிடியுங்கள். அடி மூடியின் படத்தைத் தாளில் வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதன் இடத்தில் டேப்பால் ஒட்டிவிடுங்கள். விசிறியைத் தூரிகையால் துடைக்கும்போதும் காற்றடிக்கும்போதும் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழன்றால் பெயாரிங் கெடும். எம்4800இல் விசிறி இரண்டு. கிராபிக்ஸ் பக்கத்து விசிறியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

4. தேர்மல் பேஸ்ட்

புரொசசரின் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகப் பாகமான ஹீட்சிங்கின் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் எண்கள் இருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து, பூட்டும்போது 1இலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக. ஒட்டிக்கொண்டிருந்தால் நெம்பாதீர்கள், இலேசாக அசைத்துத் திருகினால் விடும். எங்கள் லப்டொப்பில் பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது.

90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த, நூல் உதிராத துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் உள்ள மின்னணுச் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். லப்டொப் புரொசசரின் சிலிக்கன் சின்னது, மேலே உலோக மூடியும் இல்லை. அதனால் ஒரு சம்பா அரிசி அளவு பேஸ்ட் போதும், அதை முழுச் சிலிக்கனையும் மூடும்படி மெல்லியதாகத் தடவுங்கள். சுற்றியுள்ள சிப்களின் மேல் இருக்கும் மென்மையான தேர்மல் பேட்களைத் தூக்கிப்போட்டு அங்கேயும் பேஸ்ட் பூசிவிடாதீர்கள். அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது. கிழிந்திருந்தால் அதே தடிப்பில் புதிது வாங்குங்கள்.

பூட்டியதும் அதே அறையில் அதே சோதனை. எங்களுக்கு 86 பாகைக்கு இறங்கியது.

5. இனித்தான் டியூனிங்

விண்டோஸின் பவர் ஒப்ஷன்ஸில் புரொசசரின் உச்ச நிலையை 99 வீதமாக்கினால் டேர்போ நின்றுவிடும், சூடும் சட்டென்று குறையும். இரவு முழுக்க ரெண்டர் (வரைபடத்தை முழுப் படமாக்கும் வேலை) ஓடவிடுபவர்களுக்கு இது நல்லது. ஓட்டோகாட் பெரும்பாலும் ஒரே கோரில் ஓடுவது, அதற்கு டேர்போ தேவை. ஆகவே மருமகளுக்கு நான் இதைச் செய்யவில்லை.

மின்னழுத்தத்தைக் குறைப்பதையே தேர்ந்தெடுத்தேன். த்ரொட்டில்ஸ்டொப் மென்பொருளில் சிபியூ கோர், சிபியூ கேஷ் (புரொசசருக்குள் இருக்கும் சிறு நினைவகம்) இரண்டுக்கும் ஒரே அளவாக 30 மில்லிவோல்ட் குறையுங்கள். சோதியுங்கள். இன்னும் 10 குறையுங்கள். விண்டோஸ் செயலிழந்து நீலத்திரை வந்தால் 20 மேலே ஏற்றி அங்கேயே நில்லுங்கள். ஒரு வாரம் சிக்கலின்றி ஓடும்வரை, விண்டோஸுடன் தானாகத் தொடங்கும்படி வைக்காதீர்கள். 2019 டிசம்பரில், இந்த மின்னழுத்த வசதியைத் தவறாகப் பயன்படுத்தும் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்த பிறகு பல புதிய லப்டொப்களின் பயோஸ் இதைப் பூட்டிவிட்டது. பூட்டியிருந்தால் 99 வீத வழிதான்.

50 மில்லிவோல்ட் குறைத்ததில் எங்களுடையது 81 பாகையில் நிற்கிறது, த்ரொட்லிங் இல்லை. மெத்தையில் வைத்துப் பாவிக்காதே என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஆறு மாதம் கழித்து அடி மூடியைத் திறந்து, தூசு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று இரண்டு பேருமாகப் பார்க்கப் போகிறோம்.