ஸ்கிராப் கிரைண்டரில் பிளேடு மாற்றுவது: புதிதாகக் கற்பவர்களுக்கு

மோல்டிங்கில் மிஞ்சும் பிளாஸ்டிக் கழிவை மறுபடி உருக்குவதற்காகச் சின்னச் சின்ன மணியாக அரைக்கிற மெஷின்தான் ஸ்கிராப் கிரைண்டர். அதன் பிளேடு மழுங்கிவிட்டது என்று முதலில் சொல்வது காதுதான். ‘டக் டக்’ என்று வெட்டுகிற சத்தம் போய், இடித்து நசுக்குகிற சத்தம் வரும். அப்போது மெஷினை நிறுத்தி, அரைத்து வந்த மணியை ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். விளிம்பு சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தால் கவலையில்லை. பிசிறும் வாலுமாக இருந்தால், உள்ளங்கையில் மாவு மாதிரி தூள் ஒட்டினால், பிளேடு மாற்ற நேரம் வந்துவிட்டது. அந்தத் தூளை அலட்சியப்படுத்தாதீர்கள். மோல்டிங் மெஷின் பேரலில் மணி உருகும் முன்பே தூள் உருகிக் கருகும். வார்த்தெடுத்த பீஸில் கரும்புள்ளி விழும். மோட்டார் இழுக்கிற ஆம்ப்ஸ் ஏறுவதும், ஜல்லடையில் பிளாஸ்டிக் இளகி ஒட்டுவதும் மற்ற அடையாளங்கள்.

ரோட்டாரில் (சுற்றுகிற உருளை) 3 பிளேடு, பாடியில் அசையாத 2 ஃபிக்ஸட் பிளேடு உள்ள பெல்ட் டிரைவ் கிரைண்டரை வைத்துச் சொல்கிறேன். சிறிய மோல்டிங் பட்டறைகளில் அதிகம் இருப்பது இந்த வகை. ஒரு சுற்றுக்கு 6 வெட்டு.

1. கரண்டைத் துண்டியுங்கள்

ஸ்டாப் பட்டனை அமுக்கினால் போதாது. மெயின் ஐசொலேட்டரை (மெஷினுக்கு வரும் கரண்டை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டில் வையுங்கள். பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அமுக்கி, மெஷின் ஓடவில்லை என்று உறுதி செய்யுங்கள். கனமான ரோட்டாரும் ஃபிளைவீலும் கரண்ட் போன பிறகும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். முழுதாக நின்ற பிறகே ஹாப்பரை (ஸ்கிராப் போடும் வாய்) திறக்க வேண்டும்.

2. ரோட்டாரை அசையாமல் பிடியுங்கள்

இந்தப் படியை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மெயினை இறக்கிவிட்டோம் என்ற தைரியத்தில் ஒரு பிளேடைக் கழற்றி வெளியே எடுத்தேன். ஒரு பக்கம் எடை குறைந்ததும், மீதி இரண்டு பிளேடும் இருந்த பக்கம் தானாகக் கீழே இறங்கியது. கால் சுற்றுகூட இருக்காது. இடது கையில் போட்டிருந்த பருத்திக் கையுறையைக் கிழித்துக்கொண்டு விரலில் இறங்கியது, 4 தையல். கரண்ட் இல்லாவிட்டாலும் ரோட்டார் சுற்றும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் மெஷினில் லாக் பின் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் உறுதியான மரக்கட்டையை ரோட்டாருக்கும் பாடிக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறுக்குங்கள். ரோட்டாரைத் திருப்ப வேண்டிய ஒவ்வொரு முறையும் ஃபிளைவீலைப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். பிளேடில் கை வைத்துத் திருப்பவே கூடாது. ஒருவர் திருப்பும்போது இன்னொருவர் உள்ளே கை விட்டிருக்கக் கூடாது. கையுறை, வெட்டுத் தாங்கும் ரகமாக இருக்கட்டும்.

3. பழைய பிளேடைக் கழற்றுங்கள்

ஜல்லடையை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் துணுக்கெல்லாம் போக வேக்யூம் செய்யுங்கள். ஆலன் போல்ட் தலைக்குழியில் பிளாஸ்டிக் இறுகிக் கிடக்கும். அதை ஸ்கிரைபரால் குத்தி எடுக்காமல் கீ போட்டால், பாதிதான் இறங்கும். அழுத்தியதும் வழுக்கிக் குழி வட்டமாகிவிடும். அப்புறம் அந்த ஒரு போல்ட்டோடு அரை நாள் போராட வேண்டியதுதான். ஆலன் கீ அடிவரை இறங்கியதா என்று பார்த்துவிட்டு லூஸ் செய்யுங்கள். கடைசி போல்ட்டை எடுக்கும் முன் பிளேடைக் கீழே தாங்கிப் பிடிக்க ஆள் இருக்க வேண்டும்.

4. பிளேடு உட்காரும் இடம்

மொத்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். அவசரப்படுகிறவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். பிளேடு உட்காரும் தளத்தில் துருவோ, ஒட்டிய பிளாஸ்டிக்கோ, ஒரே ஒரு மணித் துணுக்கோ இருந்தாலும் பிளேடு ஒரு பக்கம் தூக்கி நிற்கும். போல்ட்டை இறுக்கினால் நடுவில் வளையும். D2 மாதிரியான கடினமான ஸ்டீல் வளைவதை ஏற்காது, ஓடும்போது விரிசல் விடும். பித்தளை பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து, கடைசியாகக் கையுறையைக் கழற்றி விரல் நுனியால் தடவிப் பாருங்கள் (பக்கத்தில் எந்த பிளேடும் இல்லாதபோது மட்டும்). கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும்.

5. புதிய பிளேடைப் பொருத்துங்கள்

ரோட்டார் பிளேடு மூன்றையும் ஒரே செட்டாக மாற்றுங்கள். ஒன்று புதிது, இரண்டு பழையது என்று போட்டால் எடை ஒத்துப்போகாது, அதிரும், பேரிங் போகும். சாணை பிடித்த பிளேடு என்றால் மூன்றின் அகலமும் எடையும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சாணைக்குக் கொடுக்கும்போதும் மூன்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். கூலன்ட் ஓட சர்ஃபேஸ் கிரைண்டரில்தான் சாணை பிடிக்க வேண்டும். விளிம்பு நீலம் பாரித்து வந்தால் அது சூடேறிக் கடினம் போனது, வாங்காதீர்கள்.

போல்ட்டும் புதிதாக இருக்கட்டும். தலையில் 12.9 என்று இருந்த இடத்தில், கையில் கிடைத்தது என்று 8.8 போடாதீர்கள், 12.9-இன் இழுவிசைத் தாங்குதிறன் 1200 மெகாபாஸ்கல், 8.8-க்கு 800தான். நடுவிலிருந்து இரு முனை நோக்கி, முதலில் பாதி இறுக்கம், பிறகு முழு இறுக்கம். எவ்வளவு டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) என்பது மெஷின் மேனுவலில் இருக்கும். டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். பைப் சொருகி இறுக்குகிற பழக்கம் வேண்டாம்.

6. பிளேடுகளுக்கு நடுவில் கேப் (இடைவெளி) வையுங்கள்

ஃபிக்ஸட் பிளேடை இலேசாக இறுக்கிவிட்டு, பின்னால் உள்ள அட்ஜஸ்ட் ஸ்குருவால் முன்னே தள்ளுங்கள். ரன்னர் (அச்சுக்குள் பிளாஸ்டிக் ஓடிய வழியில் இறுகிய தண்டு), கெட்டியான பீஸ் அரைக்க 0.2 முதல் 0.3 மி.மீ. கேப் வழக்கம்; மெல்லிய ஃபிலிமுக்கு இன்னும் குறைவு. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இடது முனை, நடு, வலது முனை என்று மூன்று இடத்திலும், மூன்று ரோட்டார் பிளேடிலும் போட்டுப் பாருங்கள். ஒரு ஃபிக்ஸட் பிளேடுக்கு 9 அளவு. அவற்றில் மிகக் குறைந்த கேப் எதுவோ அதை வைத்தே செட் செய்ய வேண்டும். சராசரி பார்த்தால் நீட்டி நிற்கிற பிளேடு இடித்துவிடும். முழுதாக இறுக்கியதும் கேப் மாறும் என்பதால் மறுபடி ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

7. ஓட்டிப் பாருங்கள்

மரக்கட்டை, ஸ்பேனர், துணி எல்லாவற்றையும் எண்ணி வெளியே எடுத்தாயிற்றா? ஃபிளைவீலைப் பிடித்து மூன்று முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கும் உரசக் கூடாது. ஜல்லடை, ஹாப்பர், லிமிட் சுவிட்ச் (ஹாப்பர் திறந்திருந்தால் மெஷினை ஓடவிடாத சுவிட்ச்) சரியானதும், பூட்டை எடுத்து ஒரு நொடி மட்டும் ஓட்டி, சுற்றும் திசையைப் பாருங்கள். பிறகு 5 நிமிடம் காலியாக ஓடட்டும். அதன்பின் ரன்னரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ஹாப்பரில் காந்தம் இருந்தாலும் பித்தளை இன்சர்ட் (பீஸுக்குள் பதித்த உலோகத் துண்டு) அதில் சிக்காது. இன்சர்ட் உள்ள பீஸைக் கண்ணால் பார்த்துப் பிரித்துவிட வேண்டும்.

அரை மணி நேரம் அரைத்த பிறகு மறுபடி நிறுத்தி, மறுபடி பூட்டி, கட்டை போட்டு, எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். ரெஞ்ச் உடனே ‘க்ளிக்’ என்றால் சரி. ஏதாவது போல்ட் கால் சுற்று மேலும் இறங்கினால், இறுக்கிவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். அந்த பிளேடுக்கு அடியில் ஏதோ இருந்து நசுங்கியிருக்கிறது. கழற்றி, நான்காவது படியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.